தரவுத்தள இணைப்பு வரி: ஒளித்து வைப்பதா, உரிமையைக் குறைப்பதா?

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னேல மையத்தில் ஏலக்காய்க்கு ஒரு வியாபாரி விலை கேட்டால் அது ஏதோ ஒரு சர்வரின் தரவுத்தளத்தில் பதிவாகிறது. காமயகவுண்டன்பட்டியில் ஒருவர் பட்டா நகல் எடுத்தாலும், ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டை நீட்டினாலும், பேரூராட்சிக்கு வீட்டு வரியை ஆன்லைனில் கட்டினாலும் நடப்பது அதுவே. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்க அறுவடை நடக்கும் அந்தத் தோட்டங்களின் எடைச்சீட்டையும் பட்டுவாடாவையும் கவனிக்க ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கமிஷன் மண்டியோ சிறியதாக ஒரு இணையச் செயலி செய்துகொள்வது இனி வியப்பான காரியமில்லை. பெரியதோ சிறியதோ, இத்தகைய செயலி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு வரி இருக்கும். தரவுத்தளம் எந்த முகவரியில் இருக்கிறது, எந்தப் போர்ட், தளத்தின் பெயர் என்ன, எந்தப் பயனராக நுழைவது, அவருடைய கடவுச்சொல் என்ன என்ற ஐந்தையும் அந்த வரி சொல்லும். அதை இங்கே இணைப்பு வரி என்று குறிப்பிடுகிறேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வரியை எங்கே வைப்பது என்பதில்தான் விவாதம் தொடங்குகிறது, பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. நிரலுக்குள் எழுதக்கூடாது, தனிக் கோப்பில் வை என்பார் ஒருவர். கோப்பு கூடாது, சூழல் மாறியில் வை என்பார் அடுத்தவர். அதுவும் போதாது, வால்ட் என்ற இரகசியப் பெட்டக மென்பொருள் வேண்டும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் கசிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒளிப்பிடம் மாறிக்கொண்டே வந்திருப்பதும் கசிவு மட்டும் நிற்காததும் தெரிகிறது. அதனால் கேள்வியை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. இந்த வரி என்றாவது ஒருநாள் வெளியே போகும் என்றே வைத்துக்கொண்டு, அன்றைக்கு அதை எடுத்தவரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை முன்கூட்டியே குறைத்து வைப்பதுதான் முதல் வேலை. ஒளிப்பது இரண்டாவது வேலை. நம் ஊர் வழக்கத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

ஒளிப்பிடங்களின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். தொடக்கத்தில் கடவுச்சொல் நிரலிலேயே இருந்தது. பிறகு வேர்டுபிரஸ் போன்றவை அதைத் தனி அமைப்புக் கோப்புக்குக் கொண்டுபோயின. 2011இல் ஹீரோகு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் எழுதிய ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ என்ற வழிகாட்டி, அமைப்புகளை நிரலிலிருந்து முற்றாகப் பிரித்துச் சூழல் மாறிகளில் வைக்கச் சொன்னது. நிரல் முழுவதையும் இந்த நிமிடமே ஊருக்குத் திறந்து காட்டினால் ஒரு கடவுச்சொல்லாவது அம்பலமாகுமா என்பது அது வைத்த சோதனை. இன்றைக்கும் நல்ல சோதனைதான். ஆனால் அந்த யோசனை நடைமுறையில் ‘டாட் என்வ்’ என்ற சாதாரண எழுத்துக் கோப்பாகச் சுருங்கிவிட்டது. கோப்பு திட்டத்தின் வேர் அடைவிலேயே உட்கார்ந்திருக்கும். லாராவெல் போன்ற கட்டமைப்பில் உலகுக்குத் திறந்திருக்க வேண்டியது ‘பப்ளிக்’ என்ற உள் அடைவு மட்டும். மலிவு ஹோஸ்டிங்கில் சிபேனல் வழியாக மொத்தத் திட்டத்தையும் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ அடைவில் கொட்டிவிட்டால் தளம் என்னவோ ஓடும். கூடவே தளத்தின் முகவரியோடு அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்துத் தட்டுகிற யாருக்கும் கடவுச்சொல் திரையில் வந்து நிற்கும். அமைப்புக் கோப்பைத் திருத்துமுன் ஒரு நகல் எடுத்து அதன் வால்பகுதியில் ‘பேக்’ என்று ஒட்டிவைக்கும் பழக்கமும் இதே வகை. பிஎச்பி என்ற வால் போனதும் சர்வர் அதை இயக்காது, அப்படியே எழுத்தாகப் பரிமாறிவிடும்.

இவை கற்பனைகள் அல்ல. 2021 பிப்ரவரியில் ‘சகுரா சாமுராய்’ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் குழு இந்திய அரசுத் தளங்கள் பலவற்றில் திறந்து கிடந்த கிட் அடைவுகளையும் என்வ் கோப்புகளையும் கண்டு வெளிப்படுத்தியது. 35 இடங்களில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அம்பலமாகியிருந்ததாகவும், 13,000க்கும் மேற்பட்ட தனிநபர் பதிவுகளை எட்ட முடிந்ததாகவும் அக்குழு சொன்னது. பெரிய மாயவித்தை எதுவும் தேவைப்படவில்லை, பொதுவில் கிடந்த கோப்புகளைத் திறந்து படித்ததே தொடக்கம். 2024 ஆகஸ்டில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ‘யூனிட் 42’ பிரிவு வெளியிட்ட ஆய்வு இதே வேலையை ஒரு பணம் பறிக்கும் கும்பல் இயந்திர வேகத்தில் செய்ததைக் காட்டியது. 1,10,000 இணையப் பெயர்கள் குறிவைக்கப்பட்டன, அவற்றின் என்வ் கோப்புகளிலிருந்து 90,000க்கு மேற்பட்ட மாறிகள் அள்ளப்பட்டன. நிரல் களஞ்சியங்களின் நிலையும் மேலானதல்ல. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கிட்ஹப்பை ஆராய்ந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட களஞ்சியங்களில் சாவிகள் கசிந்திருந்தன. 2024 ஒரே ஆண்டில் பொதுக் களஞ்சியங்களில் புதிதாக 2.38 கோடி இரகசியங்கள் கசிந்ததாக கிட்கார்டியன் நிறுவனம் கணக்கிட்டது. கன்டெய்னர் காலத்துக்கு நகர்ந்தாலும் தப்பவில்லை. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் 3,37,171 டாக்கர் படிமங்களைச் சோதித்ததில் 8.5 விழுக்காட்டில் இரகசியங்கள் புதைந்திருந்தன.

பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. ஊபரின் 2014ஆம் ஆண்டுக் கசிவுக்குக் காரணம் கிட்ஹப்பில் பொதுவில் இடப்பட்ட ஒரு சாவி. அடுத்த முறை நிரல் தனிக் களஞ்சியத்தில் இருந்தது. 2016இல் ஊழியர்கள் வேறு தளங்களிலும் பயன்படுத்திய கடவுச்சொற்களைக் கொண்டு அந்தத் தனிக் களஞ்சியத்துக்குள்ளேயே நுழைந்தவர்கள் அங்கேயும் ஒரு சாவியை எடுத்தார்கள், 5.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. ஒளிப்பிடத்தை மட்டும் மாற்றியவர்கள் கற்ற பாடம் அரைப்பாடம்தான். டொயோட்டாவின் கதை இன்னும் நீளம். ஒப்பந்ததாரர் ஒருவர் ‘டி-கனெக்ட்’ சேவையின் மூலநிரலில் ஒரு பகுதியைத் தவறுதலாகப் பொதுவில் வைத்தார், அதில் தரவு சர்வரின் அணுகல் சாவி இருந்தது. 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஆபத்தில் இருந்ததாக நிறுவனமே அறிவித்தது. இந்த நிகழ்வில் நம்மை நிறுத்த வேண்டியது சாவி வெளியே போனதல்ல. ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் அந்தச் சாவி செல்லுபடியாக இருந்தது, வெளியாள் எவரும் எங்கிருந்தும் அதைக் கொண்டு கதவைத் திறக்கக்கூடிய நிலையில் இருந்தது என்பவைதான்.

கசிந்த வரியின் மதிப்பைத் தீர்மானிப்பவை மூன்று: எங்கிருந்து அதைப் பயன்படுத்தலாம், அதைக் கொண்டு என்ன செய்யலாம், எவ்வளவு காலம் செய்யலாம். முதலாவதை எடுத்துக்கொள்வோம். 2002 மே மாதத்தில் ‘ஸ்பைடா’ என்ற புழு, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் தலைமைக் கணக்கு கடவுச்சொல்லே இல்லாமல் இருந்த கணினிகளை 1433ஆம் போர்ட்டில் தட்டித்தட்டி உள்ளே போனது. பதினைந்து ஆண்டு கழித்து 2017 ஜனவரியில் மாங்கோடிபி தளங்களுக்கு அதே கதி. பழைய பதிப்புகள் கடவுச்சொல் கேட்காமலும் எல்லாத் திசைக்கும் காது கொடுத்தும் நிறுவப்பட்டிருந்தன. பல்லாயிரம் தளங்கள் துடைக்கப்பட்டு, பணம் கேட்டுச் சீட்டு வைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பில்தான் உள்கணினிக்கு மட்டும் பதில் சொல்வது எல்லா நிறுவல்களுக்கும் இயல்புநிலை ஆனது. 2019 ஜனவரியில் ஸ்டேட் வங்கியின் ‘எஸ்பிஐ குவிக்’ சேவைக்கான மும்பை சர்வர் ஒன்று கடவுச்சொல் இன்றித் திறந்திருந்ததை டெக்கிரஞ்ச் செய்தித்தளம் வெளியிட்டது. இவற்றில் இணைப்பு வரியை யாரும் திருடவேண்டிய அவசியமே எழவில்லை.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பயனரின் அடையாளம் பெயர் மட்டும் அல்ல, பெயரோடு அவர் வரும் இடமும் சேர்ந்தது. அந்த இடத்தில் விழுக்காட்டுக் குறி ஒன்று போட்டுவிட்டால் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள். சிபேனலில் ‘ரிமோட் மைஎஸ்க்யூஎல்’ என்ற பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. வீட்டுக் கணினியிலிருந்து தளத்தைப் பார்க்கவேண்டும், வீட்டு இணைய முகவரியோ அடிக்கடி மாறுகிறது என்று அலுத்துப்போன டெவலப்பர் அதில் அந்தக் குறியை இட்டுச் சேமிப்பார். வேலை முடிந்ததும் எடுப்பதற்கு யாருக்கும் நினைவு வராது. மேகத் தளங்களில் இதற்கு நிகரானது பாதுகாப்புக் குழு விதியில் 0.0.0.0/0 என்று எழுதுவது. போஸ்ட்கிரஸ் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளின் அணுகல் விதிக் கோப்பில் மேலிருந்து கீழாகப் பொருந்தும் முதல் வரிதான் செல்லும். மேலே ‘டிரஸ்ட்’ என்று தளர்வான ஒரு வரி இருந்தால் கீழே எத்தனை கண்டிப்பான வரி எழுதினாலும் வீண். செயலியும் தரவுத்தளமும் ஒரே சர்வரில் இருந்தால் வெளிப் போர்ட்டே வேண்டாம், யூனிக்ஸ் சாக்கெட் போதும். போஸ்ட்கிரஸ்ஸின் ‘பியர்’ முறையிலும் மைஎஸ்க்யூஎல்லின் ‘ஆத் சாக்கெட்’ முறையிலும் இயக்க முறைமையே பயனர் யாரென்று சாட்சி சொல்லிவிடுகிறது. இணைப்பு வரியில் கடவுச்சொல் என்ற ஒன்றே இருக்காது. காமயகவுண்டன்பட்டி அளவிலான ஒரு செயலிக்கு, மாதம் சில நூறு ரூபாய் வாடகைச் சர்வரில், செலவில்லாமல் கிடைக்கும் இந்த வழி ஏன் இவ்வளவு அரிதாகக் கையாளப்படுகிறது என்பது எனக்குப் புதிர்தான். பயிற்சிக் காணொளிகள் எல்லாம் ‘ரூட்’ என்ற பயனரோடு தொடங்குவது ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த ‘ரூட்’ இரண்டாவது கேள்விக்கு நம்மைக் கொண்டுபோகிறது. தரவுத்தளத்தின் தலைமைப் பயனராகச் செயலி நுழைந்தால் கசிவின் எல்லை அட்டவணைகளோடு நிற்பதில்லை. போஸ்ட்கிரஸ்ஸின் உச்சப் பயனர் ‘காப்பி’ கட்டளையின் ஒரு வடிவத்தால் இயக்க முறைமையிலேயே நிரல்களை ஓடவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் ‘ஃபைல்’ உரிமை உள்ளவர் சர்வர் கட்டமைப்பு அனுமதிக்கும் இடங்களில் கோப்பு எழுதலாம், வாய்ப்பிருந்தால் இணைய அடைவுக்குள்ளேயே ஒரு பின்வாசலை எழுதிவைக்கலாம். சிபேனலில் பயனரைத் தளத்தோடு இணைக்கும் திரையில் ‘ஆல் பிரிவிலேஜஸ்’ என்ற ஒற்றைப் பெட்டியைத் தட்டினால் எல்லா டிக்கும் விழுந்துவிடுகிறது. அது தலைமைப் பயனர் ஆக்காது, ஆனாலும் அந்தத் தளத்தின் அட்டவணைகளை அழிக்கும் உரிமை வரை தந்துவிடும். உரிமைகளை எண்ணி எண்ணித் தட்டுவதைவிட அது சுலபம், தளமும் உடனே ஓடும்.

திராட்சை வாங்கும் செயலியையே எடுத்துப் பார்ப்போம். விவசாயி, எடைச்சீட்டு, பட்டுவாடா, வங்கிக் கணக்கு என்று நான்கு அட்டவணைகள் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் நின்று கைப்பேசியில் எடை போடும் திரைக்கு வேண்டியது விவசாயியின் பெயரைப் படிப்பதும் எடைச்சீட்டில் புதிய வரி சேர்ப்பதும் மட்டுமே. திருத்தும் உரிமை அதற்கு எதற்கு? தவறாக எழுதிய சீட்டைக் கணக்குப்பிள்ளை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுவார். தரவுத்தளத்திலும் அதே முறையில் சேர்க்கும் உரிமையை மட்டும் கொடுத்துத் திருத்தவும் அழிக்கவுமான உரிமையை நிறுத்திவைக்கலாம். வங்கிக் கணக்கு அட்டவணை இந்தப் பயனரின் கண்ணிலேயே படக்கூடாது. மாலையில் பட்டுவாடா அனுப்பும் தனி நிரலுக்கு வேறொரு பயனர், அந்தப் பயனருக்கு மட்டும் அந்த அட்டவணை. அட்டவணைகளை உருவாக்கவும் மாற்றவும் மூன்றாவதாக ஓர் உரிமையாளர் கணக்கு. அது இணையச் செயலியின் அமைப்பில் இடம்பெறவே கூடாது, புதிய பதிப்பு ஏற்றும்போது மட்டும் பயன்பட வேண்டும். போஸ்ட்கிரஸ் 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து ‘பப்ளிக்’ என்ற பொது ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய தாராளத்தை விட்டுவிட்டது. மற்றதை நாம்தான் செய்யவேண்டும். இப்படிப் பிரித்தபின் எடைத் திரையின் இணைப்பு வரி கசிந்தால் விவசாயிகளின் பெயர்கள் தெரிந்துபோகும், பொய்ச்சீட்டு சிலவற்றையும் ஒருவர் நுழைக்கலாம். இழப்பு இழப்புதான். ஆனால் பழைய சீட்டு ஒன்றுகூட மாறாது, வங்கி எண் ஒன்றுகூடப் போகாது. செயலியில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டை இருந்து, கடவுச்சொல் கசியாமலேயே தாக்குதல் வந்தாலும் இதே வேலிதான் காக்கிறது. ஒளிப்பிடத்தை எவ்வளவு பலப்படுத்தினாலும் இந்தப் பயன் கிடைக்காது.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்று இங்கே பொருந்தும். 2024 மே மாதத்தில் மாநிலக் காவல் துறையின் முக அடையாளம் காணும் மென்பொருள் தளம் ஊடுருவப்பட்டது. அட்மின் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவு போனதே காரணம் என்றும், அந்தக் கணக்குக்குப் பயனர் அடையாளங்களை உருவாக்குவது போன்ற வரையறுத்த உரிமைகளே உண்டு என்றும் துறை விளக்கம் தந்தது. இது தரவுத்தளப் பயனரின் கடவுச்சொல் அல்ல, செயலியில் நுழையும் கடவுச்சொல். இருந்தாலும் விளக்கம் எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். கடவுச்சொல்லை எங்கே வைத்திருந்தோம் என்று துறை வாதாடவில்லை. அந்தக் கணக்கால் என்ன முடியும், என்ன முடியாது என்றுதான் வாதாடியது. நெருக்கடி வந்தபின் எல்லோரும் வந்து நிற்கும் இடம் அதுவே என்றால் முன்னரே அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டதாக டெக்னிசாங்க்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. ஒரே இடத்திலிருந்து இத்தனை லட்சம் பதிவுகளை அள்ள முடிகிறது என்றால் எங்கேயோ ஒரு கணக்குக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் படிக்கும் உரிமை இருக்கிறது என்றாகிறது. ஒரு கடையில் ஒரு நேரத்தில் ஒரு கார்டைத் தேடும் வேலைக்கு அந்த உரிமை வேண்டியதில்லை.

மூன்றாவது, காலம். கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், மாற்றினால் தளம் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாரும் தொடுவதில்லை. 2022இல் கசிந்த இரகசியங்களில் 70 விழுக்காடு பின்னரும் செல்லுபடியாக இருந்ததாக கிட்கார்டியன் கண்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அதைப் போக்க ஒரு எளிய ஏற்பாடு உண்டு. ஒரே உரிமைக் குழுவில் இரண்டு பயனர்களை வைத்துக்கொள்வது. இன்று செயலி முதலாமவராக நுழைகிறது. மாற்றும் நாளில் இரண்டாமவருக்குப் புதுக் கடவுச்சொல் போட்டு, இணைப்பு வரியை அவருக்கு மாற்றி, செயலி நலமாக ஓடுவதைப் பார்த்தபின் முதலாமவரைப் பூட்டுவது. அடுத்த முறை எதிர்த்திசையில். தளம் ஒரு நொடியும் நிற்காது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: போஸ்ட்கிரஸ்ஸில் கடவுச்சொல்லை மாற்றுவதால் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் அறுபடுவதில்லை. இணைப்புத் தொகுப்பின் ஆயுளை அரை மணி நேரம் போல வைத்துப் பழைய இணைப்புகள் தாமாக உதிரவிட வேண்டும், கசிவு உறுதியென்றால் கையாலேயே துண்டிக்க வேண்டும். கசிந்த கோப்பை கிட்ஹப்பிலிருந்து நீக்கிவிட்டு நிம்மதி அடைவது பரவலான பழக்கம். கிட்டின் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். மாற்றாத கடவுச்சொல் நீக்காத கடவுச்சொல்தான்.

வழியில் ஒட்டுக்கேட்பது தனிப் பிரச்சினை, அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். தரவுத்தளம் வேறு சர்வரில் இருந்தால் இணைப்பு மறையாக்கப்பட வேண்டும். போஸ்ட்கிரஸ் இணைப்பு நூலகத்தின் இயல்பான ‘பிரிஃபர்’ நிலை மறையாக்கம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் வெறுமையாகவே பேசும், எதிரே இருப்பவர் யாரென்று சரிபார்க்காது. ‘வெரிஃபை ஃபுல்’ என்று எழுதிச் சான்றிதழைக் கொடுத்தால்தான் உண்மையான பாதுகாப்பு.

இனி மறுப்புகள். நம் ஊர்ச் செயலியை யார் தாக்கப்போகிறார்கள் என்பது அடிக்கடி எழும் முதல் கேள்வி. யூனிட் 42 விவரித்த கும்பல் எந்தத் தளத்தையும் பெயர் தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை, முகவரிப் பட்டியலை இயந்திரத்திடம் கொடுத்தது. அந்த இயந்திரத்துக்குச் சென்னை வங்கியும் கம்பம் மண்டியும் ஒன்றுதான். மேலும் சிறிய இடத்தில் ஒரு விவசாயியின் கைப்பேசி எண், கணக்கு எண், கடைசியாக வந்த தொகை மூன்றும் தெரிந்த மோசடிக்காரர் எவ்வளவு நம்பும்படி பேச முடியும் என்பதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இதெல்லாம் பழைய உலகம், கடவுச்சொல்லே இல்லாத மேகத்துக்குப் போங்கள் என்பது அது. அமேசானின் ஆர்டிஎஸ் தரவுத்தளச் சேவை 15 நிமிடம் மட்டும் செல்லுபடியாகும் நுழைவுச்சீட்டைத் தருகிறது. 2015இல் வெளிவந்த ஹாஷிகார்ப் வால்ட் ஒவ்வொரு செயலிக்கும் கேட்கும்போது புதுப் பயனரை உருவாக்கித் தந்து நேரம் முடிந்ததும் அழித்துவிடும். இவை காலம் என்ற கேள்விக்கு மிகச் சிறந்த விடைகள், வசதியுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் 2019இல் கேபிடல் ஒன் வங்கிக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இவையும் முழு விடை இல்லை என்று தெரியும். அங்கே திருடப்பட்டது நிலையான கடவுச்சொல் இல்லை, மேகத்தின் உள்முகவரியிலிருந்து பிடுங்கப்பட்ட தற்காலிகச் சான்று. அந்தச் சான்றுக்குரிய பாத்திரம் தேவைக்கு மிஞ்சிய சேமிப்புகளைப் படிக்க அனுமதி பெற்றிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். சான்றின் ஆயுள் குறுகியது, உரிமையோ அகலமானது. வால்ட்டுக்கே நுழைய ஒரு முதல் சாவி வேண்டும், அதை எங்கே வைப்பது என்ற கேள்வி மறுபடி வாசலில் நிற்கிறது என்பதையும் அதன் ஆதரவாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

சூழல் மாறிகளே ஆபத்து என்போர் ஒரு பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பிழை காட்டும் திரையை நேரலைத் தளத்தில் அணைக்காமல் விட்டால் சில கட்டமைப்புகள் மாறிகளைக் கொட்டிவிடும், மறந்துபோன ‘பிஎச்பி இன்ஃபோ’ பக்கம் அவற்றை அச்சிடும், தாய்ச் செயல் பெற்ற மாறிகளைச் சேய்ச் செயல்களும் பெறும். அதனால் இணைய அடைவுக்கு வெளியே, செயலியின் பயனர் மட்டும் படிக்கக்கூடிய கோப்பு பல சமயம் மேலானது. வேர்டுபிரஸ் தன் அமைப்புக் கோப்பை ஓர் அடைவு மேலே வைக்க இடம் தந்திருப்பதும் இதற்குத்தான். ஆக ஒளிப்பிடம் பற்றிய விவாதம் வெட்டிப்பேச்சு என்று நான் சொல்லவில்லை. உலாவிக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஆண்ட்ராய்டு ஏபிகே கோப்புக்குள்ளும் தரவுத்தளக் கடவுச்சொல்லை வைத்தால் அது ஒளிப்பிடமே அல்ல. ஏபிகேயைப் பிரித்துப் படிக்க ஐந்து நிமிடம் ஆகாது. கைப்பேசி நேராகத் தரவுத்தளத்தோடு பேசும் செயலிகள், எத்தனை சிறியவையானாலும், இடையில் ஒரு சர்வர் இல்லாமல் இயங்கக் கூடாது.

சர்வரே போய்விட்டால் இந்த வேலியெல்லாம் எதற்கு என்பது கடைசி மறுப்பு. சர்வரின் தலைமைக் கணக்கையே ஒருவர் பிடித்துவிட்டால், தரவுத்தளமும் அங்கேயே இருந்தால், ஆம், எல்லாம் போகும். ஆனால் மேலே பார்த்த நிகழ்வுகளில் பெரும்பாலானவை அப்படி நடக்கவில்லை. ஒரு கோப்பு வாசிக்கப்பட்டது, ஒரு களஞ்சியம் திறந்து கிடந்தது, ஒரு போர்ட் மூடப்படவில்லை. முழுச் சர்வரும் வீழும் அரிய நாளைக் காட்டி, அன்றாடம் நடக்கும் அரைக் கசிவுகளுக்கு ஏற்பாடு செய்யாமல் இருப்பது வாதமாகாது.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, நிகழ்வைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள் மறையாக்கம், அணுகல் கட்டுப்பாடு, ஓராண்டுப் பதிவேடு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கின்றன, நடைமுறைக்கு 18 மாத அவகாசம் உண்டு. பதிவேடு விஷயத்தில் உரிமைப் பிரிப்புக்கு இன்னொரு பயன். எல்லா வேலையையும் ஒரே பயனர் செய்தால் பதிவேட்டில் எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் இருக்கும், 6 மணி நேரத்தில் அதிலிருந்து எதையும் பிரித்தறிய முடியாது. எடைத் திரையின் பயனர் வங்கிக் கணக்கு அட்டவணையைப் படிக்க முயன்று மறுக்கப்பட்டது என்று ஒரு வரி விழுந்தால் அதுவே எச்சரிக்கை மணி.

கிராமத்துச் செயலிகளில் கடைசியாக ஒரு சிக்கல் எஞ்சுகிறது. எழுதிக் கொடுத்தவர் கோவையிலோ மதுரையிலோ இருப்பார், இரண்டாண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவார், ஹோஸ்டிங் கணக்கும் தலைமைக் கடவுச்சொல்லும் அவர் பெயரில் இருக்கும், பழைய இணைப்பு வரி வாட்ஸ்அப் உரையாடல் ஒன்றில் கிடக்கும். ஒப்படைக்கும் நாளிலேயே ஹோஸ்டிங் கணக்கை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, இரண்டாம் பயனருக்கு மாறி, முதலாமவரைப் பூட்டி எழுதி வாங்குவது ஒப்பந்தத்தின் கடைசித் தவணைக்கு நிபந்தனையாக இருக்கவேண்டும். கூடவே இரண்டு சோதனைகளைக் கேட்கலாம், தொழில் தெரியாத செயலாளரும் அருகில் உட்கார்ந்து பார்க்கலாம். வெளி இணைப்பு ஒன்றிலிருந்து மைஎஸ்க்யூஎல்லின் 3306 அல்லது போஸ்ட்கிரஸ்ஸின் 5432 போர்ட்டைத் தட்டிக் காட்டச் சொல்லவேண்டும், பதில் வரக்கூடாது. பிறகு செயலியின் சொந்தப் பயனராகவே உள்ளே போய் எடைச்சீட்டு அட்டவணையிலிருந்து ஒரு வரியை அழிக்க முயலச் சொல்லவேண்டும், ‘டினைட்’ என்ற மறுப்பு திரையில் வரவேண்டும்.